ஏறும் முன் அண்ணாந்து பாருங்கள்

உயரத்திலிருந்து தொங்கும் துணியைக் காலில் சுற்றி, கையால் பற்றி, தலைகீழாகச் சுழன்று இறங்கும் கலை ‘ஏரியல் சில்க்ஸ்’. விழுப்புரத்துப் பிள்ளைகள் பழகும் கயிற்று மல்லர்கம்பத்துக்கு இதைத் தூரத்து உறவு எனலாம். காணொளியில் பார்த்து ஆசைப்பட்டுப் பயிற்சிக்கூடம் தேடுவோர் பலர். ஆசை நல்லதே. ஆனால், இதில் பொதுவாக இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டுவதில்லை. கூரை, கொக்கி, துணி, கைப்பிடி ஆகிய நான்கும்தான் காப்பு. அவற்றில் ஒன்று கைவிட்டாலும் விழுவது நாம்தான்.

தூளிக் கொக்கி தாங்காது

குழந்தைக்குத் தூளி கட்டிய கொக்கியில் புடவையைக் கட்டி வீட்டிலேயே பழக நினைக்காதீர்கள். அசையாமல் தொங்கும்போது 60 கிலோவாக இருக்கும் உடல், சட்டென்று சரிந்து நிற்கும் நொடியில் மூன்று நான்கு மடங்கு இழுவையைத் தரலாம். சில நேரம் அதற்கும் மேல். மின்விசிறிக் கொக்கியும் தூளிக் கொக்கியும் இதற்காகப் பதிக்கப்பட்டவை அல்ல. இந்தக் கலைக்கெனத் தயாரிக்கும் நைலான் துணியின் வலுவைப் புடவையிடம் எதிர்பார்க்கவும் முடியாது.

சேரும் முன் கேளுங்கள்

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். பிறகு கேளுங்கள்:

• கூரையின் தாங்குதிறனைப் பொறியாளர் சோதித்தாரா? எப்போது?
• கேரபினர், ஸ்விவல் போன்ற இணைப்புகளில் தாங்குதிறன் பொறிக்கப்பட்டிருக்கிறதா? 22 கிலோநியூட்டன் என்றிருந்தால், ஏறத்தாழ 2,200 கிலோ எடைக்குச் சமமான இழுவை வரை அது தாங்கும் என்று பொருள்.
• துணியில் ஓட்டையோ கிழிசலோ இருக்கிறதா என்று வகுப்புக்கு முன் பார்க்கிறார்களா?
• கீழே தடித்த மெத்தை உண்டா? யோகா விரிப்பு அதற்கு ஈடாகாது.
• துணியில் யாராவது சிக்கிக்கொண்டால் எப்படி இறக்குவார்கள்?

இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் கூடமே நம்பத்தக்கது. கேள்வி கேட்டதற்கே முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

முதல் மாதங்களில்

தரையிலிருந்து எட்டும் உயரத்திலேயே பழகுங்கள். ஏறுவதற்கு முன் இறங்கக் கற்பதே சரியான வரிசை. காலில் முடிச்சிடும் ‘ஃபுட் லாக்’ கைவந்த பிறகு, தலைகீழ் நிலைக்குப் போகலாம். உயரத்திலிருந்து சரிந்து விழும் ‘டிராப்’ தொடக்கநிலையினருக்கு உரியதல்ல.

மெட்டி, கொலுசு, வளையல், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அவை துணியைக் கிழிக்கும், விரலையும் கிழிக்கும். அக்குளையும் முழங்காலின் பின்புறத்தையும் மூடும் உடை அணிந்தால் துணி உராய்ந்து தோல் எரிவது குறையும். தோள் வலித்தால் அன்றே நிறுத்துங்கள். கண்ணழுத்த நோய், உயர் ரத்த அழுத்தம், கர்ப்பம், அண்மையில் அறுவை சிகிச்சை என்றிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் துணியைத் தொடாதீர்கள்.

பயிற்றுநர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். எங்கே, ஏன் பிடிக்கிறார் என்று முன்கூட்டியே சொல்வது அவர் கடமை. வேண்டாம் என்று சொல்வது உங்கள் உரிமை. குழந்தையிடம் யாராவது தவறாக நடந்தால் 1098-ஐ அழையுங்கள்.

கையெழுத்திட்டுவிட்டால்?

‘விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். இக்கலைக்கே உரிய ஆபத்தை அறிந்து வருகிறீர்கள் என்பதற்கு அது சான்றாகலாம். கிழிந்த துணியையும் தளர்ந்த கொக்கியையும் கொடுத்த அலட்சியத்தை அந்தத் தாள் தானாகவே மன்னித்துவிடாது. கட்டணம் செலுத்தியவர் நுகர்வோர். சேவைக் குறைபாட்டுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம்.

விபத்து நேர்ந்தால்

தலையிலோ கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் நடந்ததை அப்படியே சொல்லி, விபத்துப் பதிவேட்டில் ஏறச் செய்யுங்கள். துணி, கொக்கி, மெத்தையைப் படமெடுங்கள். ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். கண்காணிப்பு கேமராப் பதிவை அழிக்கக் கூடாது என்று கூடத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அலட்சியத்தால் காயம் ஏற்பட்டிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவின் கீழ்க் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம்.

இழப்பீடு எவ்வளவு வந்தாலும் முறிந்த முதுகெலும்பைப் பழையபடி ஆக்காது. ஆகவே அடுத்த வகுப்பில் துணியைப் பற்றும் முன் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். அது எதில் தொங்குகிறது, யார் எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு ஏறுங்கள்.