வில்லில்லா மிதிவண்டியும் மலைப்பாதையும்

மிதிவண்டிக் கடைக்குள் நுழையும் நம் பிள்ளைகளின் கண்களை இன்று முதலில் கவர்வது, முன்சக்கரத்துக்கு மேல் சுருள்வில் பொருத்திய 'ஷாக் அப்சார்பர்' போர்க்கேயாகும். அஃதில்லாத வண்டி மலைப்பாதைக்கு உதவாது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆயின், மலைமிதிவண்டி என்பதே வில் எதுவுமற்ற விறைப்பான போர்க்குடன் பிறந்ததுதான்!

அதன் பிறப்பிடம் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மரின் கவுண்டி. அங்கே டாமல்பாயிஸ் என்றொரு மலை உண்டு. (பெயரைக் கேட்டதும் நம் செவி சற்றே நிமிரும், எனினும் அது அந்நிலத்துப் பூர்வகுடி மக்களின் சொல், தமிழோடு உறவற்றது.) 1970-களில் அப்பகுதி இளைஞர் சிலர், தடித்த டயர் கொண்ட பழைய ஷ்வின் வண்டிகளைத் தேடிப்பிடித்து, மண்பாதைகளில் மேலிருந்து கீழே ஓட்டலாயினர். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே முதற்பந்தயம் நடைபெற்றது. ஏறத்தாழ 2 மைல் தொலைவுக்குள் 1,300 அடி இறக்கம்! பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக், அடிவாரத்தை அடையுமுன் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்துபோகும். ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தமையால், 'மீண்டும் அடைத்தல்' எனப் பொருள்படும் 'ரீபேக்' என்ற பெயரே பந்தயத்துக்கு நிலைத்தது. அதனை 4 நிமிடம் 22 விநாடியில் கடந்து சாதனை நாட்டியவர் கேரி ஃபிஷர். அவரது முன்சக்கரத்துக்கும் கைகளுக்கும் இடையே எந்த வில்லும் இருந்ததில்லை. ராக்ஷாக்ஸ் நிறுவனம் எண்ணெயும் காற்றும் அடங்கிய போர்க்கை விற்பனைக்குக் கொணர்ந்தது 1989-ஆம் ஆண்டையொட்டியே.

அப்படியானால் அவர்கள் கற்களின்மீது எவ்வாறு இறங்கினர்? உடலையே வில்லாக்கிக் கொண்டனர். இறக்கத்தில் சீட்டில் அமர்ந்திருத்தல் ஆகாது. இரு பெடல்களும் சமமட்டத்தில் நிற்க, முழங்கால்களையும் முழங்கைகளையும் மடக்கி எழுந்து நிற்க வேண்டும். கைப்பிடியை இறுகப் பற்றினால் ஒவ்வோர் அதிர்வும் தோள்வரை ஏறும். தளர்த்திப் பிடித்தாலோ வண்டி அடியில் துள்ளும், உடல் அமைதியாயிருக்கும். பார்வை சக்கரத்தின்மீதன்று, சில கஜம் முன்னே செல்ல வேண்டும். வில் உள்ள வண்டி கல்லின்மேல் ஏறி மன்னித்துவிடும். இதுவோ கல்லைச் சுற்றிச் செல்லும் வழியைத் தேர்ந்தெடுக்கக் கற்பிக்கும். பெரிய கல்லைத் தவிர்க்க இயலாதபோது, அதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, சக்கரம் கல்லைத் தொடும் கணத்தில் முன்பிரேக்கை விட்டுவிட வேண்டும். விடாதவர் ஹாண்டில்பாருக்கு மேலாகப் பறக்கக்கூடும்.

வண்டியில் உள்ள மெத்தை டயர்க்காற்று ஒன்றே. ஆகவே, அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டுவர். மிகவும் குறைத்தால், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி அருகருகே இரு துளைகள் விழும். டியூப் இல்லா டயர்கள் வந்தபின் இத்தொல்லை பெரிதும் தணிந்தது.

கரடுமுரடான நெடும் இறக்கத்தில் நல்ல வில்போர்க்கே சக்கரத்தை நிலத்தோடு ஒட்டவைக்கும். வில்லில்லா வண்டியில் இறங்கியவரின் விரல்கள் மரத்துப்போவதும் உண்மையே. ஆயினும் அத்தகைய நல்ல போர்க் விலை மிக்கது. முத்திரை வளையங்களும் எண்ணெயும் காலந்தோறும் மாற்றப்படல் வேண்டும். மலிவு வண்டியில் காண்பதோ பெரும்பாலும் கனத்த இரும்புக் குழாயும் வெறும் சுருளுமே. அழுந்திய வில் அடங்காமல் திருப்பியடிக்கும். பள்ளிக்கும் கடைக்கும் செல்லும் பிள்ளை அந்த வீண்பாரத்தை ஒவ்வொரு மேட்டிலும் சுமக்கிறது. பெற்றோரே, அதே பணத்தில் விறைப்பான போர்க்கும், நல்ல பிரேக்கும், தரமான டயரும் கிடைக்குமாயின் அவற்றையே வாங்குக என்பது நம் கருத்து.

பழைய வண்டி வாங்குவோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். போர்க்கின் இரு கால்களும் மேலே இணையும் இடத்தைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே மயிரிழைக் கீறலோ, பெயின்ட் சுருங்கிய தடமோ, கால்கள் பின்னோக்கி வளைந்த அறிகுறியோ தென்பட்டால், அந்த வண்டியில் பிள்ளையை ஏற்றாதீர்கள். பற்றவைத்துத் தருகிறேன் என்று எவர் சொன்னாலும், புதிய போர்க் மாற்றிய பின்னரே ஓட்ட விடுங்கள்.