காத்திருக்கும் பிராசசர், காத்திருக்காத பிராசசர்

1990 வாக்கில் 386 கணினியில் யூனிக்ஸ் ஓட்ட நினைத்தவருக்கு முதல் தலைவலி: எந்த ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலர்?

ஒரு வழி, வெஸ்டர்ன் டிஜிட்டல் 1003. விலை மலிவு. வட்டுக்கு 34 இழைக் கேபிள் ஒன்று, 20 இழைக் கேபிள் ஒன்று. ஒரு செக்டாரில் 512 பைட். இரண்டிரண்டு பைட்டாக 256 தடவை பிராசசரே அள்ளிச் சேர்க்க வேண்டும். டாஸில் இது குறையே அல்ல. ஓடுவது ஒரே புரோகிராம், அதற்கும் தரவு வரும்வரை வேறு வேலை இல்லை. யூனிக்ஸிலோ பல டெர்மினல்களில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பெரிய கோப்பைத் திறந்தால் மற்றவர்களின் திரையும் தடுமாறும்.

இன்னொரு வழி, அடாப்டெக் 1542பி, ஸ்கசி அட்டை. கட்டளையை வாங்கிக்கொண்டு, தரவைத் தானே நினைவகத்தில் சேர்த்துவிட்டு, முடிந்ததும் இன்டரப்ட் கொடுக்கும். அதுவரை பிராசசர் இன்னொருவர் வேலையைப் பார்க்கலாம். ஒரே கேபிளில் 7 சாதனங்கள். பேக்கப் எடுக்கும் டேப் டிரைவும் அதிலேயே.

ஆனால் ஐஎஸ்ஏ பஸ்ஸின் முகவரி 24 பிட்தான். 16 மெகாபைட்டுக்கு மேலுள்ள நினைவகம் இந்த அட்டைக்கு எட்டாது. அங்கே போக வேண்டிய தரவைக் கீழே இறக்கிவைத்து, பிராசசர்தான் மேலே நகலெடுக்க வேண்டும். அன்றைய ராம் விலையில் அந்தக் கவலை வெகு சிலருக்கே!

இந்த அட்டையை ஜம்பர்களால் அமைக்க வேண்டும். வழக்கமான அமைப்பு: போர்ட் 330, இன்டரப்ட் 11, டிஎம்ஏ 5. நெட்வொர்க் அட்டையும் இவற்றில் ஓர் எண்ணைக் கேட்டால், மறுபடி ஸ்க்ரூடிரைவரைத் தேட வேண்டியதுதான்.