புருவம் வளரும் வரை பொறுத்திருங்கள்

கல்யாணக் காலங்களில் எனது சிறிய அழகு நிலையத்துக்கு வரும் பிள்ளைகளில் சிலர், கதிரையில் அமர்ந்த பிறகும் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க மாட்டார்கள். வேறெங்கோ நூலால் எடுத்து, புருவம் கோடாகத் தேய்ந்திருக்கும். "அக்கா, இரண்டு மாதத்தில் கல்யாணம். ஏதாவது செய்யுங்கோ" என்பார்கள். "இனிக் கை வைக்காமல் இருப்பதுதான் முதல் வைத்தியம், தங்கச்சி" என்பதே எனது பதில்.

தலைமுடி வருடக்கணக்கில் வளரும். புருவ முடியோ சில வாரங்கள் மட்டும் வளர்ந்து, பின் நீண்ட ஓய்வுக்குப் போய்விடும். அதனால்தான் அது நீளமாவதில்லை. பிடுங்கிய முடிகள் எல்லாம் ஒரே நாளில் முளைப்பதுமில்லை. புருவம் நிறைய மூன்று, நான்கு மாதங்களாவது தேவை. சிலருக்கு இன்னும் கூடும். பல வருடங்களாக ஒரே இடத்தில் பிடுங்கி வந்தால், வேர் பழுதாகி அங்கே முளைக்காமலே போகலாம்.

ஆகவே, சகோதரிகளே, இன்றைய திகதியைக் கலண்டரில் குறித்துவிட்டு, சாவணத்தை அலுமாரிக்குள் வையுங்கள். முதல் இரண்டு மாதமும் ஓரத்தில் முளைப்பவற்றையும் தொட வேண்டாம். அலங்கோலமாகத் தெரியும் அந்த முடிகளில்தான் உங்கள் பழைய புருவம் ஒளிந்திருக்கிறது. சவரம் செய்தால் அடர்த்தியாகும் என்பது வெறும் நம்பிக்கை. ஆமணக்கெண்ணெய் முடியை மினுமினுப்பாக்கும். புதிதாக முளைக்கச் செய்யும் என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை. பூசுவதானால் ஒரு துளி போதும், கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயச் சாறு, தேசிக்காய்ச் சாறு வேண்டாம். கண் எரிந்து தோலும் புண்ணாகும்.

வெளியே போகும்போது கரும் பென்சிலால் ஒரே கோடாக இழுக்காதீர்கள். கடும் கபில நிறப் பென்சிலைக் கூராக்கி, முடி வளரும் திசையில் சின்னச் சின்னக் கீறுகளாகப் போடுங்கள். சுத்தமான பழைய பல் தூரிகையால் மெதுவாகச் சீவி, மேலே சிறிது பவுடர் ஒற்றினால் வியர்வையில் இலகுவில் கரையாது. இரவில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு முகம் கழுவுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் நடுத்தர வயதுத் தாயொருவர் வந்தார். புருவத்தின் வெளிப்பக்க நுனிகள் இரண்டும் இல்லை. "நான் ஒருநாளும் எடுத்ததில்லை, தானாகவே கொட்டுது" என்றார். பேச்சோடு பேச்சாக ஓயாத களைப்பு, உடம்பு பருப்பது, குளிர் தாங்க முடியாதது எல்லாவற்றையும் சொன்னார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் ஹோர்மோன் குறைவு என்று தெரிந்தது. இன்று குளிசை எடுத்து நலமாக இருக்கிறார்.

பிடுங்காமலே புருவம் கொட்டினால் அது அழகு நிலையத்துக்குரிய விடயமல்ல. வட்டமாக ஓரிடத்தில் மட்டும் உதிர்ந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். தோலில் உணர்ச்சியற்ற, நிறம் மங்கிய தேமலும் சேர்ந்திருந்தால் தாமதிக்கவே வேண்டாம். அது தொழுநோயாகவும் இருக்கலாம். பயமோ வெட்கமோ தேவையில்லை; 6 அல்லது 12 மாத மருந்தில் முற்றாகக் குணமாகும், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கும். பரீட்சைக் காலத்தில் தன்னையறியாமல் புருவத்தைப் பிய்க்கும் பிள்ளையை ஏசாதீர்கள். அது மன அழுத்தத்தின் அடையாளம். ஆதரவாகப் பேசி, தொடர்ந்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நூலால் எடுத்த புருவம் என்றால் பெரும்பாலும் திரும்பி வரும். நான்கு மாதம் கழித்து வாருங்கள், ஓரத்தை மட்டும் சீராக்கிவிடுகிறேன். அதற்கு மேல் கேட்டாலும் எடுக்க மாட்டேன்!