தூசி இல்லாத அறையில் படிப்பும் வேலையும்



போன மாதக் கூட்டத்தில் கடன் வசூல் பேசி முடித்ததும் ஒரு குழுத் தலைவி கேட்டார்: "மேடம், எம் பொண்ணு பி.இ. எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். பெங்களூர்ல ஏதோ நானோவாம், தூசியே இல்லாத ரூமாம், அதுல மேல படிக்கணும்ங்கிறா. இன்னும் எத்தனை லட்சம் கடன் வாங்குறது? வந்த மாப்பிள்ளையை விட்டுடறதா?" அங்கேயே முழுசாகப் பதில் சொல்ல நேரமில்லை. இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 80 ஆயிரம் நானோமீட்டர். அவ்வளவு நுணுக்கமாக சிலிக்கான் தட்டின் மேல் மின்சுற்று செய்வது நானோ எலக்ட்ரானிக்ஸ். ('நானோ' வளையல், 'நானோ' தண்ணீர் பாட்டில் என்று வீடு தேடி வந்து விற்றார்களே, அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பணம் போட்டவர்களுக்குத் தெரியும்!)

சென்சார் நமக்குப் புதுசில்லை. நர்ஸம்மா விரலில் குத்தி சர்க்கரை பார்க்கிற சின்னப் பட்டைதான் அது. பட்டையில் தடவியிருக்கும் நொதி இரத்தத்தில் உள்ள சர்க்கரையோடு சேரும்போது மிகச் சிறு மின்சாரம் உண்டாகிறது. அதை அளந்துதான் கருவி எண்ணைக் காட்டுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நானோ மையத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து 2015-ல் பாத்ஷோத் என்ற நிறுவனம் பிறந்தது. சர்க்கரை மட்டுமல்ல, ஹீமோகுளோபினும் பார்க்கிற கையடக்கக் கருவியைச் செய்தார்கள். இரத்தசோகை நம் குழுக்களில் எத்தனை பேருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

தூசி இல்லாத அறை என்பது நிஜம்தான். மிகச் சுத்தமான பகுதியில் ஒரு கன அடி காற்றில் அரை மைக்ரான் தூசி நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடும் உடுப்பு போட வேண்டும். பவுடர், கண்மை எதுவும் கூடாது. சில அறைகளில் மஞ்சள் விளக்கு மட்டும்தான் எரியும். தட்டில் பூசும் மருந்து வெள்ளை வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். ஆபத்தான அமிலங்களும் உண்டு, அதனால் பயிற்சி முடிக்காமல் யாரையும் விட மாட்டார்கள்.

அங்கே இருப்பவர்கள் எல்லாரும் பெரிய விஞ்ஞானிகள் அல்ல. பேராசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் தவிர, இயந்திரம், வாயுக் குழாய், பம்பு பார்த்துக்கொள்ள டிப்ளமோ, பி.எஸ்சி., பி.இ. படித்தவர்களும் வேண்டும்.

இப்போது பணம். கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி.க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்குப் பின் 42,000. கட்டணமும் விடுதிச் செலவும் இதிலிருந்து கட்ட வேண்டும். கட்டினாலும் கையில் நிற்கும். ஆக, அந்தத் தலைவி நினைத்தபடி லட்சக்கணக்கில் கடன் தேவையில்லை. ஆனால் எம்.டெக். இரண்டு வருஷம், பிஎச்.டி. ஏறத்தாழ ஐந்து வருஷம் பிடிக்கும். அதை மறைக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுமுன் பொண்ணிடம் உட்கார்ந்து பேசுங்கள். கேட் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும், அவசரப்பட வேண்டியதில்லை.

இப்போது பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்காக 2022-ல் தமிழக அரசு தொடங்கியது மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டம். பாலிடெக்னிக்கோ பொறியியலோ சேர்ந்தால், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பப் பெண்களுக்கு மத்திய அரசின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. இது எல்லாருக்கும் கிடைக்காது, தேர்ந்தெடுத்துத் தருவார்கள். ஆனாலும் போடாமல் விடாதீர்கள்.

லேபில் சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில், தேர்வு பிப்ரவரியில். மூன்றாம் வருஷம் படிப்பவர்களும் எழுதலாம், பெண்களுக்குக் கட்டணம் பாதி. ஆன்லைனில் போடத் தெரியாதவர்கள் சாதிச் சான்றிதழ், போட்டோ, அடையாள அட்டையோடு பிள்ளையைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து போடலாம்.