துடுப்பு அணிந்தால் கெண்டைக்கால் ஏன் பிடித்துக்கொள்கிறது?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் காம்பாரிலிருந்து லூமுட் சென்று, அங்கிருந்து படகில் பங்கோர் தீவுக்குப் போயிருக்கிறீர்களா? கடலுக்கடியில் மீன்களைப் பார்க்க முக்குளிப்பவர்கள், வாத்தின் பாதம் போன்ற நீண்ட துடுப்பைக் காலில் மாட்டிக்கொள்வார்கள். புதிதாக அணியும் பலருக்குச் சற்று நேரத்தில் பாதமோ கெண்டைக்காலோ வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். ஏன்?

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த அந்நாளைய தமிழர்களுக்குத் துடுப்பு இல்லை. கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். படகில் இருப்பவர் கயிற்றை இழுத்து மேலே தூக்குவார். இன்றைய முக்குளிப்பாளரோ காற்றுக் கலனைச் சுமந்து நீருக்கடியில் வெகுநேரம் நீந்துகிறார். முன்னே தள்ளும் வேலை முழுவதும் கால்களுடையது. அந்த வேலைக்கு உதவும் நீச்சல் துடுப்புக்கு, பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றிய லூயி த கோர்லியூ 1933இல் காப்புரிமை பெற்றார்.

நீர், காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அகன்ற துடுப்பு ஒவ்வோர் உதைக்கும் நிறைய நீரைத் தள்ளுகிறது. அதன் சுமை கணுக்காலில் விழுகிறது.

இப்போது ஒரு சிறு சோதனை. நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டுங்கள். பாதத்தை முன்னோக்கி நீட்டியபடி கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்கள். தசை திரண்டு கட்டியாக இருக்கும். விரல்களை உங்களை நோக்கி மடக்கினால் அதே தசை நீளும். துடுப்போடு நீந்தும்போது பாதம் முன்னோக்கி நீண்டே இருப்பதால், தசை சுருங்கிய நிலையிலேயே உழைக்கிறது.

தசைக்குள் இருக்கும் ஓர் உணர்வி ‘சுருங்கு’ என்று தூண்டுகிறது. தசைநாணில் இருக்கும் இன்னோர் உணர்வி ‘போதும்’ என்று அடக்குகிறது. தசை களைத்தால் முதல் குரல் ஓங்கி, இரண்டாவது குரல் தாழ்கிறது. தசை விடாமல் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம் இது.

இதைத் தவிர்ப்பது எப்படி?

முதலில், அளவு. துடுப்பு தளர்வாக இருந்தால், அது கழன்றுவிடாமலிருக்க விரல்களை மடக்கிப் பிடிப்போம். உள்ளங்கால் தசை களைக்கும். இறுக்கமாக இருந்தாலும் பாதம் வலிக்கும். விரல்களைத் தாராளமாக அசைக்க முடிய வேண்டும், குதிகால் நழுவக்கூடாது.

அடுத்து, உதைக்கும் முறை. சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்காதீர்கள். இடுப்பிலிருந்து மெதுவாக, நீளமாக உதையுங்கள். தொடையின் பெரிய தசைகள் சுமையை ஏற்கும். தொடக்கத்தில் வளைந்துகொடுக்கும் மென்மையான துடுப்பே நல்லது.

அப்படியும் பிடித்துக்கொண்டால் பதறாதீர்கள். உதைப்பதை நிறுத்துங்கள். கைவிரல்களை மூடித் திறந்து துணையாளருக்குச் சைகை காட்டுங்கள். துடுப்பின் நுனியைப் பிடித்து உங்களை நோக்கி இழுத்து, முழங்காலை மெல்ல நேராக்குங்கள். தசைநாண் இழுபடும்போது ‘போதும்’ என்னும் குரல் மீண்டும் எழும், பிடிப்பு தளரும்.

ஆனால், காம்பாரைச் சுற்றியுள்ள பழைய ஈயக் குட்டைகளில் இதைப் பழக வேண்டாம். அங்கே கரையோரமே திடீரென ஆழமாகும். கால் பிடித்துக்கொண்டால் ஊன்றி நிற்க இடமிருக்காது. நன்கு நீந்துபவரும் மூழ்கலாம். நீச்சல் குளத்தில், பயிற்றுநர் முன்னிலையில், முதல் நாள் சில நிமிடங்கள் மட்டும் நீந்துங்கள். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். கால்கள் பழகிய பிறகு கடலுக்குப் போகலாம்.