84 நாளும் செங்கீரைப் பருவமும்

மகவு ஈன்ற பெண் எத்தனை நாள் கழிந்தபின் பணிக்குத் திரும்பலாம் என்னும் வினாவுக்கு நம் நாட்டுச் சட்டம் ஓர் எண்ணால் விடை கூறுகின்றது. அவ்வெண் 84. அரச சேவையிலுள்ள தாய்க்கு, 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள். அதன்பின் வேண்டுமாயின் அரைச் சம்பளத்துடன் 84 நாள். அதற்கும் அப்பால் சம்பளமின்றி 84 நாள். முதலாவது எண்பத்துநான்கைப் பற்றி எவரும் ஆலோசிப்பதில்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலுமே வீடு இரண்டுபடுகின்றது.

தமிழ் கற்பித்தே தலை நரைத்தவனுக்கு இவ்விடத்தில் வேறொரு கணக்கு நினைவுக்கு வருவது இயல்பு. பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்த பாட்டியலார் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்தனர். 3ஆம் மாதந் தொடங்கி 21ஆம் மாதம் ஈறாக ஒற்றைப்பட்ட மாதங்களில் அவற்றை வைத்தெண்ணுவது ஒரு மரபு. அவ்வாறெண்ணின் மூன்றில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி. (இப்பருவங்களைப் பாடிய புலவர் பெரும்பாலும் ஆடவர், அவருள் லீவு விண்ணப்பம் எழுத நேர்ந்தவர் எவருமிலர் என்பதையும் நினைவிற் கொள்க.)

இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பேறு நிகழ்ந்த நாளிலிருந்து எண்ணினால், சனி, ஞாயிறும் விடுமுறை நாட்களும் நீங்க 84 வேலைநாள் என்பது ஏறக்குறைய நான்கு மாதம். அதாவது முழுச் சம்பளம் நிற்குமிடம் செங்கீரையின் வாயில். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடத் தொடங்கும் வேளையில் தாய் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிடச் செல்கின்றாள். அரைச் சம்பள லீவையும் சேர்த்தால் தாற்பருவம் எய்தும். மூன்றாவதையும் சேர்த்தால் குழந்தை சப்பாணி கொட்டுவதைத் தாயே கண்டுவிடலாம்.

இனி மருத்துவர் கூற்று. முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலன்றி வேறெதுவும் குழந்தைக்கு வேண்டுவதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த ஆறாம் மாதம் இரண்டாவது 84இன் நடுவில் வருகின்றது. ஆதலின் இரண்டாவதை எடுத்தே ஆகவேண்டும் என்பது என் துணிபு. மூன்றாவது அவரவர் கைப்பொருளைப் பொறுத்தது. கைப்பொருளில்லாதாரிடம் சப்பாணியின் அழகை விரித்துரைப்பது எளிது. கேட்பவர்க்குத்தான் அது கடினம்.

நான் இவ்வாராய்ச்சியில் இறங்கியது எங்கள் கல்லூரியிலே என்னோடு தமிழ் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் பொருட்டே. "ஐயா, கிழமையில் ஐந்து நாளும் பஸ்ஸில் வந்து போக இரண்டு மணித்தியாலம். பால் கொடுக்கும் பிள்ளையை விட்டுவிட்டு எப்படி வருவது? வராதிருந்தால் கடனை எப்படிக் கட்டுவது?" என்று கேட்டார். வீடு கட்டப் பெற்ற கடனுக்காக அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் பெரும்பகுதி கழிகின்றது. சம்பளம் அரையானாலும் கழிவு அரையாவதில்லை. சுற்றறிக்கை எழுதினோர் இவ்விடத்தைச் சற்று நின்று பார்த்திருக்கலாம்.

அவர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. பதில் ஆசிரியர் பெரும்பாலும் கிடைப்பதில்லை. லீவில் நிற்பவரின் பாடங்கள் மற்றவர் தலையில் விழுகின்றன. "உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் கதி என்ன?" என்று ஓய்வறையில் ஒருவர் அவர் காதுபடவே கேட்டார். கேட்டவர் மூன்று பிள்ளைகளின் தந்தை. அரச சேவையில் தந்தைக்குக் கிடைப்பது மூன்று நாள் லீவு. அது வைத்தியசாலையிலிருந்து பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரவே போதும். எனவே அவர் அறிந்த குழந்தை வளர்ப்பு மாலை ஐந்து மணிக்குமேல் நிகழ்வது. "பிள்ளை, இலக்கணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். பதவியலையும் உயிரீற்றுப் புணரியலையும் அத்தவணைக்குள் நடத்தி முடித்தாயிற்று.

இவ்வளவும் அரச சேவையில் உள்ளார்க்கு. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு முப்பங்கு என்னும் பேச்சே இல்லை. 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் வழி அவள் பெறுவது பேற்றுக்கு முன் இரண்டு கிழமை, பின் பத்துக் கிழமை. அதுவும், ஏற்கெனவே இரு பிள்ளைகள் உள்ளவளாயின் எல்லாமாக ஆறு கிழமையே என்றிருந்தது. 2018இலேதான் அவ்வேற்றத்தாழ்வு நீங்கியது. மூன்றாம் பிள்ளைக்குப் பால் குறைவாகப் போதும் என்று எண்ணினார்கள் போலும்! குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை வேலைநேரத்தில் இருமுறை பாலூட்ட இடைவேளை தரவேண்டுமென அச்சட்டம் விதிக்கின்றது. மலையிலிருந்து இறங்கிப் பிள்ளைமடுவத்துக்கு வந்து மீளும் தூரமோ தோட்டத்துக்குத் தோட்டம் வேறு.

எங்கள் ஆசிரியை இரண்டாவது 84 நாளையும் முழுமையாக எடுத்துள்ளார். தாயார் வந்து உடனிருக்கின்றார். சரக்கும் காயமும் முடிந்து, இப்போது சோறு தீற்றுவதற்கு நாள் பார்க்கின்றனர். மூன்றாவதைப் பற்றி முடிவில்லை. சிறு கடனொன்று பங்குனியோடு தீர்கின்றதாம்; அதன்பின் கணக்குப் பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கின்றார்.