கொங்கு நாட்டுச் சிற்றூர்



இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றை ஆங்கிலப் பாடநூல்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். நடுவே பசும்புல் திடல்; அதன் ஓரத்தே பழைய தேவாலயம்; சுற்றிலும் நெருங்கி நிற்கும் கல்வீடுகள். நேரில் காணாமலே அவ்வூரை நாம் நன்கறிவோம். ஆனால், திருப்பூரிலிருந்து காங்கேயம் செல்லும் சாலையில் சில கல் தொலைவு சென்று, ஒரு கிளைப்பாதையில் திரும்பினால் எதிர்ப்படும் ஊர் எத்தகையது என்று கேட்டால் உடனே விடை கூறுவோர் நம்மிற் சிலரே. அந்த ஊரைப் பற்றியே இன்று சில கூற விரும்புகிறேன்.

அங்குச் செல்லும் புதியவர் முதலில் கேட்பது, "ஊர் எங்கே?" என்பதுதான். காவிரிக் கரையில் வீடுகள் தெருத்தெருவாக நெருங்கியிருக்கும். வயல்கள் ஊருக்கு வெளியே இருக்கும். கொங்கு நாட்டிலோ உழவர் பலர் தம் தோட்டத்திலேயே வீடு கட்டி வாழ்கின்றனர். அவ்வீட்டைச் 'சாளை' என்பர். கோயிலும் கடையும் பள்ளியும் உள்ள நடுவிடம் ஊர். அதனைச் சுற்றிச் சிதறிக் கிடப்பவை தோட்டங்கள். வலசு, பாளையம், புதூர் என முடியும் சிறு குடியிருப்புகள் இவ்வாறே பரவியுள்ளன.

இதற்குக் காரணம் என்ன? நீர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. ஆற்றுப் பாசனம் எங்கும் எட்டுவதில்லை. ஆதலால் ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஒரு கிணறு வேண்டும். கிணறு இருக்குமிடத்தில் இரவும் பகலும் ஆள் இருத்தல் வேண்டும். எனவே கிணற்றருகே வீடு எழுந்தது. தஞ்சையில் ஊரை அமைத்தது ஆறு என்றால், கொங்கில் அதனை அமைத்தது கிணறு எனலாம்.

பாறையைக் குடைந்து தோண்டிய அக்கிணறுகளிலிருந்து மாடுகளைக் கொண்டு நீர் இறைத்தனர். சரிவான பாதையில் மாடுகள் இறங்கிச் செல்ல, கயிற்றில் கட்டிய சால் நீரோடு மேலே வரும். இம்முறைக்குக் 'கவலை' என்று பெயர். பெயருக்கேற்ப, கிணறு வற்றும் கோடையில் உழவன் மனத்திலும் கவலை குடிபுகுந்தது. சாலின் தோற்பகுதியைத் தைத்தும் செப்பனிட்டும் கொடுத்தவர் அருந்ததியர். அவர்கள் உழைப்பின்றி ஒரு தோட்டமும் பசுமை கண்டதில்லை. எனினும் அவர்கள் குடியிருப்பு ஊருக்கு வெளியே இருந்தது. தேநீர்க் கடையில் அவர்களுக்குத் தனிக்குவளை வைக்கப்பட்டது. சிற்றூரின் அழகைப் பாடும்போது இதனை மறைத்தல் நேர்மையாகாது.

கிணறு இல்லாத மேட்டுநிலமும் வீணாகக் கிடக்கவில்லை. காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் 'கொறங்காடு' என்னும் மேய்ச்சல் நிலங்களைக் காணலாம். முள்கிளுவையை நட்டு உயிர்வேலி வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் பேணி, ஒரு காட்டில் மேய்ச்சல் தீர்ந்ததும் மறு காட்டிற்கு மாடுகளை மாற்றுவர். புல் மீண்டும் தழைக்க இடம் கொடுக்கும் சிறந்த முறை அது. காங்கேயம் மாடுகள் அந்தப் புல்லில் வளர்ந்தவையே. அவற்றின் கன்றுகள் செந்நிறத்தோடு பிறந்து, சில திங்களில் சாம்பல் நிறம் பெறுவது காண்போர்க்கு வியப்பூட்டும்.

1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது. நாளடைவில் மின்பொறிகள் கிணறுகளில் நீர் இறைக்கத் தொடங்கின. கவலை மாடுகள் ஓய்வு பெற்றன. மின்சாரம் உழவனுக்கு உயிர்நாடியாயிற்று. 1970-ஆம் ஆண்டு மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் போராடியபோது, ஜூன் 19-ஆம் நாள் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். யூனிட்டுக்குச் சில காசு என்பது நகரத்தார்க்குச் சிறு கணக்கு. கிணற்றை நம்பியவனுக்கு அது வாழ்வுக் கணக்கு. ஆனால் பொறியின் ஆற்றல் பெருகப் பெருக நிலத்தடி நீர் கீழே சென்றது. இன்று ஆயிரம் அடி துளைத்தும் நீர் காணாத ஆழ்துளைக் கிணறுகள் உண்டு.

நிலம் கைவிட்ட வேளையில் தொழில் கைகொடுத்தது. 1920களில் திருப்பூரில் தோன்றிய பின்னலாடைத் தொழில், 1970களுக்குப் பின் ஏற்றுமதியால் பெருகிற்று. 'பனியன் கம்பெனி'யின் பேருந்து காலையில் சிற்றூரின் வேப்பமரத்தடியில் வந்து நிற்கிறது. ஆணும் பெண்ணும் சோற்றுத் தூக்கோடு ஏறுகின்றனர். 'ஒன்றரை ஷிப்ட்' முடித்து இரவில் திரும்புகின்றனர்.

இங்கே இங்கிலாந்தை மீண்டும் நினைவுகூர்தல் தகும். தொழிற்புரட்சியில் அந்நாட்டுச் சிற்றூர் மக்கள் மான்செஸ்டர் முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்து குடியேறினர். 1851-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலேயே நகரவாசிகள் தொகை மிகுந்து காணப்பட்டது. கொங்குச் சிற்றூரிலோ பலர் குடிபெயரவில்லை. உறங்குவது ஊரில், உழைப்பது நகரில் என்றாயிற்று. அதனோடு, பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தோர் இவ்வூர்களில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். நூறு பேர் வாழ்ந்த இடத்தில் இன்று பல மொழிகள் ஒலிக்கின்றன.

இதனால் விளைந்த நன்மை யாது? பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்த குடும்பத்து இளைஞன், வாரக் கூலியைத் தன் கையில் வாங்கினான். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டிய தேவை குறைந்தது. ஆயினும் விடுதலை எல்லோர்க்கும் ஒருசேர வந்துவிடவில்லை. விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் பெற்று, அது தீரும்வரை வேறிடம் செல்ல இயலாதோரும் உளர்.

விளைந்த தீமையும் சிறிதன்று. வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து காவிரியிற் கலக்கும் நொய்யல், சாயக்கழிவால் நிறம் மாறிற்று. பாசனத்திற்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கீழ்நிலத்து உழவரின் கிணறுகள் உவர்த்தன. உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆடைக்குச் சாயம் ஏற்றும் அண்ணனும், அச்சாயத்தால் நிலம் இழக்கும் தம்பியும் ஒரே வீட்டில் வாழும் ஊர்கள் இவை. எவர் பக்கம் நின்று பேசுவது என்பது அங்கு எளிய வினாவன்று.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் வேண்டிநின்ற அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பெற்றது. பவானியின் உபரிநீர் 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்பப்படுகிறது. காய்ந்து கிடந்த குட்டையில் நீரைக் கண்ட முதியோர், கிணறு ஊறும் என்று நம்புகின்றனர்.

ஆனால் ஊறும் கிணற்றருகே வாழ யார் இருப்பர்? சிற்றூர் இரவில் மட்டும் தங்கும் சத்திரமாகிவிடக் கூடாது என்பதே என் கவலை. மாணவ நண்பர்களே! விடுமுறையில் உங்கள் ஊருக்குச் செல்லும்போது இரண்டு செய்திகளைக் கேட்டறியுங்கள்: நம் கிணற்றில் எத்தனை அடியில் நீர் உள்ளது? ஊரில் இன்றும் எவரேனும் தனித்து நிறுத்தப்படுகின்றனரா? இவ்விரண்டிற்கும் உண்மையான விடை அறிந்தவரே தம் ஊரை அறிந்தவர். அறிந்தவரே அதனைத் திருத்தவும் வல்லவர்.